இடித்த கான்கிரீட்டால் கார்பன் குறையுமா?

கேள்வி: பழைய கட்டட இடிபாடுகளை நொறுக்கி மறுபடி பயன்படுத்தினால் கார்பன் உமிழ்வு நிஜமாகவே குறையுமா?

பதில்: குறையும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. கான்கிரீட்டின் கார்பனில் பெரும்பங்கு சிமென்ட்டிலிருந்து வருகிறது; சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது எரிபொருள் புகை போதாதென்று கல்லே கரியமில வாயுவை வெளியே விடுகிறது. நொறுக்கிய கான்கிரீட் ஜல்லிக்குத்தான் மாற்று, சிமென்ட்டுக்கு இல்லை. அதனால் மிச்சமாவது பெரும்பாலும் லாரி ஓடும் தூரம்தான், வெகுதூரம் கொண்டுபோய் நொறுக்கினால் அதுவும் போச்சு.

உலோகம் வேறு கதை. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடச் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். ஜன்னல் சட்டத்தில் ஒரு துண்டுகூட மண்ணில் புதையக் கூடாது. அப்புறம், கட்டடம் உறுதியாக இருந்தால் இடிக்காமல் பழுதுபார்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள், அதில்தான் கார்பன் அதிகம் மிச்சமாகும்.