சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தும்: நீங்கள் கேட்டவை

ஞாயிறு காலை உலு யாம் ஏற்றம் முடித்து, பத்துமலைப் பக்கம் மாமாக் கடையில் தே தாரேக்கு உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஊக்கமருந்தால் பட்டங்களை இழந்த அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கில் போய் நிற்கும். நான் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் கேள்வியெல்லாம் என் பக்கம் திரும்பும். கடையில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது, அதனால் எழுதி அனுப்பச் சொன்னேன். தீர்ப்பானதைத் தீர்ப்பு என்றும், சந்தேகமாக நிற்பதைச் சந்தேகம் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன். மனிதர்களின் பேர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கேள்வி (செந்தூல் தம்பி): அக்கா, ஐந்நூறு டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணுலகூட மாட்டலைன்னு ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னாரே. அத்தனை டெஸ்டும் பொய்யா?

முதலில், ஐந்நூறு என்பதே ஊதிப் பெருக்கிய கணக்கு. அடுத்து, டெஸ்ட் பொய் சொல்லவில்லை தம்பி. தேடாத பொருளை அது கண்டுபிடிக்காது, அவ்வளவுதான். ஈபிஓ என்பது சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோன். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் அதே ஊசி. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். 1990களில் இதைப் பிடிக்க டெஸ்டே கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதலில் வந்தது, சைக்கிள் பந்தயத்துக்கு 2001-இல்.

அதுவரை இருந்த ஒரே வேலி ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது 50 விழுக்காட்டைத் தாண்டினால் 15 நாள் ஓட்டக்கூடாது என்று அனைத்துலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ 1997-இல் விதி போட்டது. பார்ப்பது சுலபம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஒரு முனையை அடைத்து, மெஷினில் வைத்து வேகமாகச் சுற்றுவோம். வெளியே எடுத்தால் அடியில் அடர் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சளில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. சிவப்பின் உயரம் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று அளந்தால் அதுதான் அந்த எண். ஆண்களுக்குப் பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்கும்.

விழுக்காட்டுக் கணக்கு என்பதால்தான் ஓட்டை. மஞ்சள் பக்கம் தண்ணீரைக் கூட்டினால் எண் தானாக இறங்கிவிடும். அதற்கு ஒரு பாட்டில் உப்புநீர் டிரிப் போதும். 1998 உலகப் போட்டியின்போது நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில், பரிசோதகர் வீட்டுக்குள் இருக்கும்போதே அணி மருத்துவர் மழைக்கோட்டுக்குள் உப்புநீர்ப் பையை மறைத்துக் கொண்டுவந்து ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றினார். பிறகுதான் ரத்தம் கொடுத்தார்கள். இதைச் சொன்னவர் கூடவே தங்கியிருந்த சக வீரர்.

ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கடைசியில் வீழ்த்தியதும் மனிதர்களின் வாக்குமூலம்தான். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூசாடா 2012 அக்டோபரில் வெளியிட்ட கோப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல். சாட்சிகள் 26 பேர், அதில் 11 பேர் அவருடைய பழைய அணித் தோழர்கள். 1999 முதல் 2005 வரையிலான ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் போயின.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை): மூடி மறைத்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். யார், எதை, எப்படி மறைத்தார்கள்? திட்டவட்டமாகச் சொல்லுங்கள்.

டீச்சர், 1999-லிருந்து வருகிறேன். அந்த வருட டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு தெரிந்தது. அதாவது ஒரு டெஸ்டிலும் மாட்டவில்லை என்பதும் உண்மையில்லை. பரிசோதனைப் படிவத்தில் எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். விதிப்படி அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண்ணுக்குக் களிம்பு தடவினார் என்று, முன்தேதி போட்டு ஒரு மருந்துச் சீட்டு தயாரானது. யூசிஐ அதை ஏற்றுக்கொண்டது.

முன்தேதிச் சீட்டு போடலாம் என்று அணி முடிவு எடுக்கும்போது அறையில் இருந்தவர் எம்மா ஓ'ரெய்லி. அயர்லாந்துப் பெண், வீரர்களுக்கு மசாஜ் செய்வது, சாப்பாட்டுப் பை கட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அவர் வேலை. ஊசி போட்ட தழும்பை மறைக்க ஆர்ம்ஸ்ட்ராங் அவரிடம் மேக்கப் வாங்கியிருக்கிறார். பின்னாளில் எம்மா ஒரு பத்திரிகையாளரிடம் நடந்ததைச் சொன்னபோது, உலகமே கொண்டாடிய அந்த மனிதர் இந்தப் பெண்ணின் நடத்தையை இழித்துப் பேசினார். 2013 ஜனவரியில் ஓப்ரா பேட்டியில்தான் அந்தச் சீட்டு முன்தேதியிட்டது என்று ஒப்புக்கொண்டார். அந்த இடைப்பட்ட வருடங்களில் எம்மா சுமந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களுக்குப் பணமும் புகழும், சொன்னவளுக்கு அவப்பெயர்.

அடுத்தது 2005. 1999-இல் எடுத்து வைத்த சிறுநீரைப் பிற்பாடு ஆராய்ச்சிக்காகப் பரிசோதித்ததில் ஈபிஓ தெரிந்ததென்று பிரெஞ்சு நாளிதழ் லெக்கீப் எழுதியது. யூசிஐ ஒரு டச்சு வழக்கறிஞரை வைத்து ‘சுதந்திரமான’ விசாரணை நடத்தியது, அறிக்கை ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சாதகமாக வந்தது. அந்த அறிக்கையை எழுதுவதில் யூசிஐயும் ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பும் நேரடியாகக் கை வைத்தார்கள் என்று 2015 மார்ச்சில் வந்த ஆணைய அறிக்கை கண்டறிந்தது. அது யூசிஐயே பின்னர் அமைத்த சீர்திருத்த ஆணையம்.

2009-இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஓய்வை விட்டுத் திரும்பி வந்தபோதும் இதே கதை. ஆறு மாதம் பரிசோதனைப் பட்டியலில் இருந்தபிறகுதான் ஓட்டலாம் என்பது விதி. 13 நாள் குறைந்தது. யூசிஐ தலைவர் முதலில் முடியாது என்றார், பிறகு ஆஸ்திரேலியப் பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தார். தலைவருடைய நாடான அயர்லாந்தின் பந்தயத்தில் ஓட்டுகிறேன் என்று ஆர்ம்ஸ்ட்ராங் தகவல் சொன்னதும் அதே நாளில்தான்.

நிரூபணம் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். 2001 சுவிஸ் பந்தயத்தில் அவர் மாட்டியதைப் பணம் வாங்கி மறைத்தார்கள் என்று பலர் இன்றும் சத்தியம் பண்ணுவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்றது ஆணையம். ஆர்ம்ஸ்ட்ராங் யூசிஐக்கு நன்கொடை கொடுத்தது உண்மை, முதலில் 25,000 டாலர், பிறகு 100,000 டாலர். கண்காணிக்க வேண்டிய ஆளிடமே கை நீட்டினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கேள்வி (கிள்ளான் ஐயா): எல்லாரும்தான் போட்டாங்க. அப்போ எல்லாரும் சமம்தானே? ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான்.

இல்லைங்க ஐயா. இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கிறிஸ்டோஃப் பசோன் என்று ஒரு பிரெஞ்சு வீரர். மருந்தில் ஊறிப்போன அணியில் இருந்துகொண்டே ஊசி வேண்டாம் என்றவர். 1999 டூர் டி பிரான்ஸின்போது பத்திரிகையில் உண்மையை எழுதினார். ஆல்ப் டுயெஸ் மலைக்குப் போகும் வழியில் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். கூட்டத்தில் ஒருவரும் பசோனிடம் பேசவில்லை, சொந்த அணிக்காரர்கள்கூட. சில நாளில் பந்தயத்தை விட்டே போனார். 2004-இல் அதே பந்தயத்தில் இத்தாலிய வீரர் சிமியோனி. ஆர்ம்ஸ்ட்ராங்கின் மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அவர் முன்னே தப்பி ஓட்டியபோது, முதலிடத்துக்குரிய மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கே துரத்திப் பிடித்துத் திரும்பி வரவைத்து, கேமராவைப் பார்த்து வாய்க்கு ஜிப் போடுவதுபோல் காட்டினார்.

மருந்தும் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இயற்கையிலேயே ஹீமடோக்ரிட் 48 இருப்பவனுக்கு ஏற இடம் கொஞ்சம், 41 இருப்பவனுக்கு நிறைய. நல்ல மருத்துவரை வைத்துக்கொள்ளப் பணம் இருப்பவன் வேறு, இல்லாதவன் வேறு. சமம் எங்கே இருக்கிறது? ரத்தம் கெட்டியானால் கட்டி அடைக்கும் ஆபத்து ஒரு பக்கம். 1967 ஜூலை 13 அன்று பிரான்சின் மோன் வாந்து மலையில் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தபோது உடம்பில் ஆம்ஃபெடமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. வயது 29.

கேள்வி (பூச்சோங்): டெஸ்ட் பிடிக்கலைன்னா வேற யார்தான் பிடிச்சா?

போலீசும் சுங்கத்துறையும். 1998 ஜூலை 8, பெல்ஜியம் பிரான்ஸ் எல்லையில் ஃபெஸ்டினா அணியின் காரை நிறுத்திப் பார்த்தார்கள். நானூறுக்கு மேற்பட்ட மருந்து டோஸ்கள். அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த வருடம் வாடா என்ற உலக அமைப்பே பிறந்தது. 2019-இல் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில் நடந்த அதிரடிச் சோதனையும் போலீஸ் வேலைதான். அதில் சிக்கிய ஜெர்மன் மருத்துவருக்கு 2021-இல் நான்கு வருடம் பத்து மாதம் சிறை.

மனசு ஆறாதது ஸ்பெயின் வழக்கு. 2006 மே மாதம் ஃபுவென்டெஸ் என்ற மருத்துவரின் குளிர்பெட்டிகளில் இருநூறுக்கு மேற்பட்ட ரத்தப் பைகள் கிடைத்தன. சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைத்து, பந்தயத்தின் நடுவில் திரும்ப ஏற்றிக்கொள்ளும் வித்தை. பைகளில் புனைபெயர்கள். 18-ஆம் எண் பையில் ‘பிட்டி’ என்ற நாய்ப் பெயர். 2008 டூர் டி பிரான்ஸ் இத்தாலிக்குள் போனபோது ஸ்பெயின் வீரர் வால்வெர்டேயிடம் எடுத்த ரத்தத்தோடு அந்தப் பையின் டிஎன்ஏ பொருந்தியது, இரண்டு வருடத் தடை. மற்ற பைகள் என்ன ஆயின? அழித்துவிடச் சொன்னார் நீதிபதி 2013-இல். மேல்முறையீட்டில் 2016-இல் ஒப்படைக்கச் சொன்னபோது பத்து வருடம் ஓடிப்போய், தண்டிக்கும் காலம் முடிந்திருந்தது. சைக்கிள்காரர்கள் மட்டுமல்ல, வேறு விளையாட்டுக்காரர்களும் தன்னிடம் வந்தார்கள் என்று அந்த மருத்துவரே சொன்னார். அந்தப் பெயர்கள் இன்றுவரை வெளியே வரவில்லை. மூடி மறைப்பு என்றால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கேள்வி (ஷா ஆலாம்): ஃப்ரூம், விக்கின்ஸ் இவர்களும் திருடர்கள்தானே?

அந்தச் சொல்லை இப்படி வீசாதீர்கள். பிரிட்டிஷ் வீரர் ஃப்ரூம் 2017 ஸ்பெயின் பந்தயத்தில் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் அளவு மீறிக் காட்டினார், வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராம், அவருக்கு 2,000. விளக்கம் கேட்டார்கள், 2018 ஜூலையில் குற்றமில்லை என்று முடித்தார்கள். அவர் குற்றவாளி அல்ல.

விக்கின்ஸ் விஷயம் வேறு. 2012-இல் டூர் வென்றதற்கு முன் மருத்துவ அனுமதியோடு அவர் போட்டுக்கொண்ட ஊசி அதே டிரையம்சினலோன். அனுமதி இருந்ததால் விதிமீறல் இல்லை. ஆனால் அவருடைய ஸ்கை அணி நெறி எல்லையைத் தாண்டியது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018-இல் எழுதியது. அவரும் அணியும் மறுத்தார்கள். 2011-இல் மான்செஸ்டரிலிருந்து பிரான்சுக்கு அந்த அணிக்காக ஒருவர் தூக்கிக்கொண்டு போன உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு எழுத்துப்பதிவே இல்லை. அணி மருத்துவரின் லேப்டாப் திருடு போனதாம். எங்கள் கூடத்தில் ஒரு சாம்பிளுக்கு லேபிள் இல்லையென்றால் அதைத் தொடவே மாட்டோம். அதே மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் பாக்கெட்டுகளை வாங்கிய வழக்கில் 2021-இல் மருத்துவப் பதிவை இழந்தார்.

கேள்வி (காஜாங்): சைக்கிளுக்குள்ளேயே மோட்டார் வைப்பாங்களாமே?

2016 ஜனவரியில் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டியில் ஓர் இளம் வீராங்கனையின் சைக்கிளில் பிடிபட்டது. ஆறு வருடத் தடை. மற்றவர்கள் மேல் சொல்வதெல்லாம் வதந்தி.

கேள்வி (செராஸ்): நம்ம லங்காவி பந்தயம் சுத்தமா?

2003 சாம்பியன் டாம் டேனியல்சன் 2012-இல் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில் தானும் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டவர். 2006 சாம்பியன் டேவிட் ஜார்ஜ் 2012-இல் ஈபிஓவில் சிக்கினார். இருவருடைய லங்காவி வெற்றியையும் யாரும் பறிக்கவில்லை. கெந்திங் ஏற்றத்தில் நின்று கை தட்டியவர்கள் நம்மில் பலர். அந்தக் கைதட்டலுக்குரியவர்கள் யார் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

கேள்வி (ரவாங் அம்மா): என் மகனுக்குப் பதினாறு வயசு. ஒரு அணியில சேரக் கூப்பிடறாங்க. சப்ளிமெண்ட் குடுப்பாங்களாம். விடலாமா?

சேர்த்துவிடுங்கம்மா, நல்ல விளையாட்டு. ஆனால் மாத்திரை, பவுடர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யை நினைத்துப் பாருங்கள். 2014 உலகப் போட்டியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தெரிந்து, வெள்ளிப் பதக்கம் போய், எட்டு மாதத் தடை வந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டது. அதே டெக்ஸாமெத்தசோனை ஜாமு என்ற மூட்டுவலி நாட்டு மருந்தில் ரகசியமாகக் கலந்து விற்பதாகச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரித்திருக்கிறது. தொங்காட் அலி காப்பிப் பாக்கெட்டும் அப்படித்தான், லேபிளில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது எதுவும் வேண்டாம். சளி மருந்துகூடப் பந்தய நாளில் மருந்தாளரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மருந்து, யார் எழுதிக் கொடுத்தது, அந்தச் சீட்டின் நகல் எனக்குக் கிடைக்குமா? மருத்துவக் காரணம் இல்லாமல் ஊசி போடுவதை யூசிஐ 2011-லேயே தடை செய்துவிட்டது. ‘வைட்டமின் ஊசிதான்’ என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பையனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள், எனக்கும் ஒரு போன் பண்ணுங்கள்.