துருப்பிடித்த காபி மிஷினுக்கு எதை வாங்குவது?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். சுவரில் மாட்டிக் கையால் சுற்றும் பாட்டி காலத்து காபி மிஷின் ஒன்று பின்கட்டில் கிடந்து முழுக்கத் துருவேறிவிட்டது, வார்ப்பிரும்பு. கடையில் துரு எடுக்கும் திரவம் வாங்கச் சொல்கிறார்கள். தம்பியோ கரண்ட் வைத்து எடுக்கலாம், ஒரு பேட்டரி சார்ஜர் வாங்கு என்கிறான். எதற்குக் காசு போடுவது அண்ணா?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். சலவை சோடா ஒரு பாக்கெட் வாங்கினால் போதும். ஆனால் அதற்கும் முன்னால் டார்ச் அடித்து உள்ளே அரைக்கிற பற்களைப் பாருங்கள். எந்த முறையும் துருவைத்தான் எடுக்கும், தேய்ந்துபோன இரும்பைத் திருப்பித் தராது. பல் மழுங்கியிருந்தால் செலவே செய்யாதீர்கள்.

பல் நன்றாக இருக்கிறதா, சரி, தம்பி சொன்ன வழிதான் நல்லது. கடையில் கிடைக்கும் திரவங்களில் பலவும் அமிலம், ஊறப்போட்டு மறந்தால் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். கரண்ட் முறையில், சலவை சோடா கரைத்த தண்ணீரில் பொருளைத் தொங்கவிட்டு கரண்ட் கொடுப்போம், ராத்திரி முழுக்க விட்டாலும் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. சார்ஜரை மட்டும் புதிதாக வாங்காதீர்கள், இப்போது வருகிற ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பலவும் எதிரே பேட்டரி இருந்தால்தான் கரண்ட் விடும், சோடாத் தண்ணீருக்கு விடாது. ஜீப் வைத்திருக்கும் யாரிடமாவது கனமான பழைய 12 வோல்ட் சார்ஜர் இருக்கும், ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்குங்கள்.

மிஷினைக் கழற்றி, பித்தளை, அலுமினியப் பாகங்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், சோடா அலுமினியத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீருக்கு 3 டேபிள்ஸ்பூன் சலவை சோடா. ஆப்ப சோடா வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். உப்பு போடவே கூடாது, குளோரின் வாயு வரும். கட்டடவேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளைப் பக்கெட்டின் ஓரமாக நாலு பக்கமும் நிறுத்தி ஒன்றாக இணைத்து பிளஸ் கொடுங்கள், மிஷின் பாகத்தை நடுவில் கம்பியில் படாமல் தொங்கவிட்டு மைனஸ் கொடுங்கள். நான் முதல் தடவை இதை மாற்றிக் கொடுத்துவிட்டேன், தாத்தாவின் கவாத்துக் கத்தி, காலையில் எடுத்துப் பார்த்தால் வெட்டுவாய் எலி கொறித்த மாதிரி ஆகியிருந்தது, இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அதனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள்.

கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் பலர் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் குரோமியம் நச்சுப் பொருளாகித் தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீரைக் கேரட் பாத்தியில் கொட்டினால் என்ன ஆகும்?

சரியாக நடந்தால் மிஷின் பாகத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், மேலே செங்காவி நுரை திரளும். குமிழி ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் வெடிக்கும். குளிராக இருக்கிறதே என்று விறகடுப்பு எரியும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வைக்காதீர்கள், மழை படாத திறந்த தாழ்வாரம்தான் இதற்கு இடம். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை விடக்கூடாது.

எட்டுப் பத்து மணி நேரம் கழித்து எடுத்தால் துரு கருப்புப் பசையாக மாறியிருக்கும், தேங்காய் நாரால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பழைய பெயின்ட்டும் உரிந்து வரலாம். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

நம் ஊரில் பாதிப் பேர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். துரு போன இரும்பு வெறும் உடம்பாக நிற்கிறது, ஐப்பசி மழையும் மிஸ்ட்டுமாக இருக்கும்போது ஈரத்தோடு வைத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி மஞ்சள் பூக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், அந்தச் சூட்டிலேயே ஈரம் ஓடிவிடும். உடனே துடைத்து அடுப்புப் பக்கத்தில் காய வைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நம் குளிரில் உறைந்து பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் வேறெதுவும் கலக்காத லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்கி மெல்லிசாகத் தடவினால் நல்லது.

மாட்டியதும் காபிக்கொட்டையைப் போட்டுவிடாதீர்கள். ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டுச் சுற்றுங்கள், முதலில் மாவு சாம்பல் நிறத்தில் விழும், அதைக் கொட்டிவிட்டு மாவு வெள்ளையாக வரும்வரை அரிசியே போடுங்கள், அப்புறம் கொட்டை.