பதின்ம வயதில் உடலில் கொழுப்பு மிகுவது ஏன்?
"அளவாகத்தான் சாப்பிடுகிறான், எப்படி உடம்பு வைத்தது?" திருகோணமலையில் பெற்றோர் பலர் கேட்பது இது.

செலவாகாத சக்தியை உடல் கொழுப்பாகச் சேமிக்கிறது. அது தேவையை மிஞ்சினால் மிகைக்கொழுப்பு. பாட்டிமார் உலையரிசியில் தினம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்களே, அதுபோலத்தான். ஒரு நாளில் தெரியாது. மாதக் கடைசியில் பானை கனக்கும்.

அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடம் விட்டதும் டியூஷன், இடையில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. சீனித் தண்ணீர் வயிற்றை நிரப்பாது. ஆகவே இரவுச் சோறு குறைவதில்லை. இலங்கையில் 2016 முதல் போத்தல்களில் நிறக்குறி உண்டு: சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. கூப்பிடு தூரத்தில் கடற்கரை இருந்தும் ஓடியாட நேரமில்லை.

நாம் அதிகம் கவனிக்காதது தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8–10 மணி நேரம் தேவை. நள்ளிரவு வரை கைபேசி பார்த்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும். மறுநாள் கை தானாகப் பிஸ்கட் டின்னுக்குப் போகும்.

"உயரம் போட்டால் வற்றிவிடும்" என்பார்கள். சிலருக்கு வற்றும், பலருக்குப் பெரியவர்களான பின்பும் தொடர்கிறது.