கோத்தகிரியில் நடக்கப் போகிறவர்கள் கேட்டவை

ஊட்டியின் நெரிசலுக்கு அஞ்சி, அதே மலையின் கிழக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரிக்குச் செல்ல விரும்புவோரின் கடிதங்கள் இந்த முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எல்லாமே காடு, மலை, நடை தொடர்பானவை என்பதால் ஒரே பகுதியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சமூக ஊடக விளம்பரம் ஒன்றைப் பார்த்து, கோத்தகிரி அருகே ரங்கசாமி சிகரத்துக்கு இரண்டு நாள் மலையேற்றம் என்று நான்கு பேருக்கு 9,600 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று பிறகு கேட்டபோது, "உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. பயந்துபோய், பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே ரத்து செய்தேன். முன்பணம் திரும்பத் தரப்படாது என்று விதிமுறையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பணம் போனதுதானா? (திருப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் ரத்து செய்தது சரியான முடிவு. ரங்கசாமி சிகரம் இருளர் மக்கள் புனிதமாகக் கருதும் இடம். அதற்கான பாதை வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டின் வழியாகச் செல்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, காட்டுப் பகுதிகளில் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு அதே ஆண்டில் தனி விதிகளை வகுத்தது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம். பிடிபட்டால், அழைத்துச் சென்றவரோடு நிற்காமல் பணம் கொடுத்து நடந்தவர் மீதும் நடவடிக்கை வரும் என்பதை விளம்பரம் செய்கிறவர்கள் சொல்வதில்லை.

இதுதான் உங்கள் வழக்கின் பலமும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். அனுமதி பெறாத ஒரு பயணத்தை, அந்த விவரத்தைச் சொல்லாமல் விற்றது இந்த வகையில் வரும். ஆகவே "மனம் மாறி ரத்து செய்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள். அனுமதி இல்லை என்பது பணம் கொடுத்த பிறகுதான் தெரியவந்தது, அதனால் விலகினேன் என்று நடந்தபடியே எழுதுங்கள். விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய சான்று, அனுமதி பற்றி அவர்கள் அனுப்பிய பதில் ஆகிய மூன்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். முதலில் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு அறிவிப்பை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். பல சிறு தொகைகள் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஏற்பாட்டாளரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இங்கே ஒரு நுணுக்கம்: "முன்பணம் திரும்பாது" என்ற விதியே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடப் பலருக்கும் ஆசை வரும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையிலான புகாரை, தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும். 9,600 ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைவது தேவையில்லை. சேவைக் குறைபாடு என்றே மாவட்ட ஆணையத்தில் தொடருங்கள். இரண்டு ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் இத்தகைய ஏற்பாட்டாளர்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொள்வது அரிதல்ல.

அந்தச் சிகரத்துக்கு உண்மையிலேயே போக விரும்பினால் நேர்வழி இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தின் 40 பாதைகளில், கரிக்கையூர் என்ற ஊரிலிருந்து ரங்கசாமி சிகரம் செல்லும் பாதையும், கரிக்கையூரின் பொறிவரை பாறை ஓவியங்களுக்குச் செல்லும் பாதையும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்தால் அனுமதியும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் சேர்ந்தே கிடைக்கும். காட்டுத்தீப் பருவமான பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்தப் பாதைகளை மூடும் வழக்கம் உண்டு. அந்த இரண்டு மாதங்களில் "காட்டுக்குள் மலையேற்றம்" என்று யாராவது விற்றால், அந்த ஒரு விவரமே அவரைப் பற்றிப் போதுமான அளவுக்குச் சொல்லிவிடும்.

கேள்வி: சொந்தக் காரில் குடும்பத்தோடு போகிறோம். இ-பாஸ் எடுத்துத் தர ஒரு முகவர் 300 ரூபாய் கேட்கிறார். இது நியாயமான தொகையா? (சேலம் வாசகி)

பதில்: வாகனத்தில் நீலகிரிக்குள் நுழைவதற்கான அனுமதியான இ-பாஸ் இலவசம், 300 ரூபாய் கொடுக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில், அரசின் இணையதளத்தில் கைப்பேசி எண்ணையும் வாகன எண்ணையும் கொடுத்து நீங்களே சில நிமிடங்களில் பெற்றுக்கொள்ளலாம். ஊட்டிக்குத்தானே இது, கோத்தகிரிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இது நீலகிரி மாவட்டம் முழுமைக்கும் உரியது; மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் சாலையில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். 2025 கோடையில் நாள் ஒன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆகவே விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இ-பாஸை எடுத்துவிடுங்கள். வரிசை மாறினால், பாஸ் கிடைக்காமல் அறைப் பணத்துக்காக வாதாட நேரும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இந்தக் கவலையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான், பேருந்துகளும் உண்டு.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து மலையேற்றக் காலணி வாங்கினேன். இரண்டே முறை அணிந்து பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். சென்ற மாதம் கோடநாடு பக்கம் நடக்கும்போது இரண்டு காலணிகளின் அடிப்பாகமும் பிய்ந்து மாவுபோல் உதிர்ந்தது. கடைக்காரர் உத்தரவாதக் காலம் முடிந்தது என்கிறார். (சென்னை வாசகர்)

பதில்: பத்திரமாக வைத்ததுதான் பிரச்சினை என்றால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. இவ்வகைக் காலணிகள் பலவற்றில் அடித்தட்டுக்கும் மேற்பாகத்துக்கும் நடுவே, கால் அதிராமல் இருக்க, பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளை வைக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் இந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் கூடிய சென்னையில், அதுவும் மூடிய பெட்டிக்குள், இது விரைவாக நடக்கும். அடிக்கடி நடக்கப் பயன்படும் காலணியைவிட அலமாரியில் உறங்கும் காலணிக்கே இந்த ஆபத்து அதிகம்.

வழக்கைப் பொறுத்தவரை நம்பிக்கை ஊட்ட எனக்கு மனமில்லை. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆனபின், தயாரிப்பிலேயே குறை இருந்தது என்று நிறுவுவது கடினம். ஒரே ஒரு வாய்ப்பைச் சோதித்துப் பாருங்கள்: பெட்டியின் மேல் விலையோடு அச்சிட்டிருக்கும் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் ரசீதுத் தேதியோடு ஒப்பிடுங்கள். விற்கும்போதே அது பல ஆண்டுப் பழைய இருப்பாக இருந்து, அதைச் சொல்லாமல் முழு விலைக்குத் தந்திருந்தால், கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுதுவதில் பொருள் உண்டு. இல்லையென்றால், மேற்பாகம் நன்றாக இருக்கும்பட்சத்தில், நல்ல செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் புது அடிப்பாகம் போடச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதில் ஒரு பங்குதான் ஆகும்.

அடுத்த முறை தள்ளுபடியில் காலணி வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்; மலைக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுற்றி நடந்தும் பாருங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்கு அணியப்போகும் அதே காலுறையோடு அளவு பார்க்க வேண்டும்; இறக்கத்தில் விரல் முட்டாதபடி முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், விற்பனையாளர்களுக்குப் பிடிக்காது: கோத்தகிரியின் தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கும் சோலை நடைக்கும் 5,000 ரூபாய்க் காலணி தேவையே இல்லை. அடியில் ஆழமான வெட்டுகள் கொண்ட சாதாரண விளையாட்டுக் காலணி போதும்.

கேள்வி: கோயம்புத்தூரிலேயே இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் பன்னிரண்டு வாங்கிக்கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்து அபராதமும் வாங்கினார்கள். விற்ற கடையிடம் கேட்க முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முடியாது. கோயம்புத்தூரில் அவற்றை விற்பது தவறில்லை. நீலகிரிக்குள் கொண்டு போவதுதான் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்; சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். காட்சிமுனைக் கடையில் பிஸ்கட் பொட்டலத்துக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "மலைமேல் ஏற்றுக்கூலி" என்ற காரணம் சட்டத்தில் செல்லாது. ரசீதோ, பணம் செலுத்திய கைப்பேசிச் சான்றோ இருந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் இந்த விதி அப்படியே பொருந்தாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: பணம் கட்டிப் போகும் பயணங்களே வேண்டாம். பெற்றோருக்கு அறுபத்தைந்து வயது. கோத்தகிரியில் நாங்களே நடந்து பார்க்க என்ன இருக்கிறது? (மதுரை வாசகி)

பதில்: கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களாவில் தொடங்குங்கள். 1819இல் மலையேறி வந்த அந்தக் கோவை ஆட்சியரின் வீடு இப்போது சிறு அருங்காட்சியகம். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் தோட்டங்களும் படகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளும். கோடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர். உள்ளூர்ப் பேருந்தில் போகலாம். கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும், நடை மிகக் குறைவு. கேத்தரின் அருவியை நெருங்கிப் போகப் பெற்றோரை வற்புறுத்தாதீர்கள். சுமார் 250 அடி விழும் அதன் முழு உயரமும் எதிரே குன்னூர்ப் பக்கம் டால்பின் மூக்கு காட்சிமுனையிலிருந்துதான் நன்றாகத் தெரியும்.

லாங்வுட் சோலைக்கு மட்டும் அனுமதி பெற்றே போக வேண்டும். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் 116 ஹெக்டேரில் இருக்கும் இந்தச் சோலை 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ட்ரெக் தமிழ்நாடு பாதைகளிலும் எளிய வகையில் இருக்கிறது. இந்த ஒன்றுக்காக உங்கள் கொள்கையைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தேயிலைத் தோட்டப் பாதைகள் தனியாருடையவை. உள்ளே நடப்பதற்கு முன் தோட்ட அலுவலகத்திலோ, இலை பறிப்பவர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்; காட்டெருமையோ கரடியோ அன்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் அந்தப் பாதைகளில் இறங்க வேண்டாம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு அபாயம் உண்டு. டிசம்பர் பாதிக்கு மேல் போவதாக வைத்துக்கொண்டு, பெற்றோருக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்குங்கள்.