பாஸ் இருக்கு, சீட் இருக்கா?

கேள்வி: ஜூனில் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். நாங்கள் இருவர், 10 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். பாரிஸ், சூரிச், ஃப்ளோரன்ஸ், ரோம், வியன்னா, மியூனிக் என்று வரிசை. பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸாக இருக்கும் யூரெயில் பாஸ் வாங்கியாச்சு. இப்போது பக்கத்து வீட்டுக்காரர், "சீட்டுக்குத் தனியா பணம் கட்டணும்" என்று குண்டு போடுகிறார். அப்புறம் பாஸ் எதற்கு?
– மதுரை வாசகி

பதில்: அவர் சொன்னது பாதி சரி. நம் ஊரில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆனால் பெட்டி எண், பெர்த் எண் எல்லாம் அதோடு வந்துவிடும். அங்கே பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும், உட்காரும் இடம் வேறு கணக்கு. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஆவே, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள், இவற்றில் முன்பதிவு இல்லாமல் ஏறினால் பாஸ் கையில் இருந்தும் அபராதம்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளே பெரும்பாலும் அந்தத் தொல்லையே இல்லை, வந்த ரயிலில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

உங்கள் பட்டியலில் முதலில் கைவைக்க வேண்டியது பாரிஸ்–சூரிச். அந்த டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென்று கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவார்கள். அது தீர்ந்தால் ரயில் பாதி காலியாக ஓடினாலும் உங்களுக்கு இடம் கிடையாது, முழுக் கட்டணம் கட்டினால்தான் உண்டு. நான்கு சீட் சேர்ந்து வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கிடைக்கவில்லையா, பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வரை உள்நாட்டு டிஜிவி, அங்கிருந்து பாசலுக்கு ரிசர்வேஷன் கேட்காத சாதா ரயில், பாசலிலிருந்து சூரிச் ஒரு மணி நேரம். இரண்டு இடத்தில் பெட்டியைத் தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து மிலான் வழியாக ஃப்ளோரன்ஸ். சூரிச்–மிலான் ரயிலுக்கும் சீட் முன்பதிவு கட்டாயம். மிலான்–ஃப்ளோரன்ஸ் ஃப்ரெச்சாரோஸாவுக்கு ஒருவருக்கு 13 யூரோ அளவில், நால்வருக்கு 50ஐத் தாண்டும். ஃப்ளோரன்ஸ்–ரோமில் மட்டும் ஒரு சலுகை: அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், முன்பதிவே வேண்டாத உள்ளூர் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட. பணமா நேரமா, நீங்களே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேகமானதில்தான் போவேன். இத்தாலியில் இத்தாலோ என்று சிவப்பாக ஒரு ரயில் கண்ணில் படும், அதில் உங்கள் பாஸ் செல்லாது.

ரோம்–வியன்னா இரவு ரயிலில் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் மாலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்கினாலும், வழியில் ரயில் மாறாதவரை, பாஸில் கழிவது ஏறிய ஒரு நாள்தான், ஹோட்டல் வாடகையும் மிச்சம். 12 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம், சீட் இலவசம் இல்லை. இலவசம் என்றாலும் அவர்கள் பெயரிலும் பாஸ் இருக்க வேண்டும், வாங்கும்போது சேர்த்தீர்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ரிசர்வ் செய்யாமல் ஏறினால், காலி சீட் எது என்று எப்படித் தெரியும்?
– சேலம் வாசகர்

பதில்: சீட் அருகே சின்னத் திரை இருக்கும், அதைப் படியுங்கள். நான் படிக்காமல் உட்கார்ந்து வாங்கிக்கட்டிக் கொண்டவன். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஏறி ஜன்னலோரம் பிடித்து, பையிலிருந்த சப்பாத்தியைப் பிரித்து இரண்டு வாய் வைத்திருப்பேன், மான்ஹைமில் ஏறிய பாட்டி ஒருவர் செல்போனை நீட்டிச் சிரித்தார். திரையில் "மான்ஹைம் – மியூனிக்" என்று முன்பே போட்டிருந்தது. அதாவது மான்ஹைம் வரை அது யாருடையதும் அல்ல, அதற்குப் பிறகு பாட்டியுடையது. ரிசர்வ் செய்தவர் வராவிட்டால், அவர் ஏற வேண்டிய ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பிய 15 நிமிடத்தில் அந்த உரிமை போய்விடும், அப்புறம் தைரியமாக உட்காரலாம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் மட்டும் சில யூரோ போனால் போகிறது என்று பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பெர்னினா எக்ஸ்பிரஸில் சீட் தீர்ந்துவிட்டது. பாஸ் வைத்திருந்தும் பார்க்க முடியாதா?
– கோவை வாசகர்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். கண்ணாடிக் கூரைப் பெட்டிக்குத்தான் முன்பதிவு. அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து டிரானோவுக்குச் சாதா ரயிலும் ஓடுகிறது. அதே மலை, அதே பனி, புரூசியோவில் கல்பாலத்தில் சுற்றி வந்து தன் பாதைக்கு அடியிலேயே நுழையும் அதே வளைவு. பாஸைக் காட்டினால் போதும். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினாவில் இறங்கி, ஏரிக்கரையில் நடந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.