ஃபிளாட்டில் நாலு காடை: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். பால்கனி நாலடி அகலம்தான். பையன் கோழி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கோழிக்கு அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. நாலைந்து காடை வளர்த்தால் முட்டைச் செலவும் மிச்சம் என்கிறார் வீட்டுக்காரர். என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

பதில்: பையனுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். முட்டைச் செலவு மிச்சம் என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள், அது தேறாது. முட்டையிடும் காடை ஒன்று நாளைக்கு 25 கிராம் வரை தின்னும். ஐந்துக்கு மாதம் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சில்லறையில் கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 170 ரூபாய். நன்றாக இடுகிற ஐந்து பெட்டைகள் மாதம் 120 முட்டை கொடுக்கும். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் காடை முட்டை 10, 12 கிராம்தான். ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டை. ஆகக் கையில் வருவது 24 கோழி முட்டைக்குச் சமம். மளிகைக் கடையில் அதற்கு என்ன கொடுக்கிறீர்களோ, ஏறக்குறைய அதையே தீவனத்துக்கும் கொடுப்பீர்கள். கூண்டுக் காசு தனி. ஒரு வருடம் போனதும் முட்டை குறைய ஆரம்பிக்கும், தீவனம் குறையாது.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பெட்டை மட்டும் வாங்குங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் காடை கத்தும், அதுவும் விடியும் முன்பே. அசோசியேஷனோடு சண்டை அங்கேதான் தொடங்கும். பெட்டையின் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

ஒரு நாள் குஞ்சு மலிவு என்று ஆசைப்படாதீர்கள். முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும், ராத்திரி முழுக்க பல்பு எரிய வேண்டும். தண்ணீர்த் தட்டிலேயே விழுந்து செத்துப்போகும் அளவுக்குச் சின்ன உருவம்; அதனால்தான் தட்டில் கூழாங்கல் போட்டு வைப்பார்கள். ஐந்து வாரம் ஆன பெட்டையாகக் கேளுங்கள். விலை கூடத்தான். ஆனால் ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் பறவை அது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பையன் கையில் முட்டை இருக்கும்.

கூண்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் கிளிக்கூண்டைக் காட்டுவார், வேண்டாம். காடை மிரண்டால் பக்கவாட்டில் ஓடாது, நேர் மேலே எகிறும். உயரமான கூண்டில் வேகமாகப் போய் மண்டையை இடித்துக்கொள்ளும். ஓரடி உயரம் போதும். பண்ணைக் கூண்டுகளில் ஒரு சதுர அடியில் பல பறவைகளை நெருக்கி அடைக்கிறார்கள். வீட்டில் அதைப் பின்பற்ற வேண்டாம், பறவைக்கு ஒரு சதுர அடி கொடுங்கள். மூன்றடிக்கு இரண்டடி கூண்டு ஐந்து காடைக்குத் தாராளம். அரை அங்குலக் கண்ணி உள்ள ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) வாங்குங்கள். கண்ணி பெரிதாக இருந்தால் எலி வெளியிலிருந்தே காலைக் கடித்து இழுத்துவிடும். தரை முழுக்கக் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். பாதித் தரைக்கு ரப்பர் மேட் போடுங்கள். ஒரு மூலையில் ஆழமான டப்பாவில் ஆற்று மணல் வையுங்கள், அதில் புரண்டு குளிப்பதைப் பார்க்கவே காடை வளர்க்கலாம்.

தீவனத்தில் ஒரு பொறி இருக்கிறது. 50 கிலோ மூட்டையாக எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும். உங்கள் ஐந்து காடை அதைத் தின்று முடிக்க 400 நாள் ஆகும்! சென்னை ஈரக்காற்றில் அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும், பூஞ்சை பிடித்த தீவனம் பறவைக்கு விஷம். மாதம் நாலைந்து கிலோ சில்லறையாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். முட்டைக்கோழிக்கான ‘லேயர்’ தீவனத்தையே தருகிறேன் என்பார்கள். அதில் புரதம் 16 முதல் 18 சதவீதம். முட்டையிடும் காடைக்கு 20க்கு மேல் தேவை. காடைத் தீவனம் என்றே கேட்டு வாங்குங்கள். கிளிஞ்சல் தூள் கொஞ்சம் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

பால்கனியில் வெயில் நேராக அடித்தால் கூண்டை ஹாலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காகமும் பூனையும் அங்கே வராது. முட்டைக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். உங்கள் ஹாலில் ராத்திரி ஒன்பது வரை டியூப்லைட் எரியுமே, அதுவே போதும். அதன்பின் துணி போட்டு மூடி இருட்டில் தூங்க விடுங்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் முட்டையிடும். ஒவ்வொரு பெட்டைக்கும் ஓட்டில் விழும் புள்ளியும் திட்டும் ஒரு தினுசு, அது மாறாது. ஒரு வாரம் கவனித்தால் இன்று முட்டையிடாதது எது என்று பையனே சொல்லிவிடுவான்.

கேள்வி: மூன்று வாரக் காடை ஆறு வாங்கினேன். ‘எல்லாம் பெட்டை’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது இரண்டு கத்துகின்றன. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, நெஞ்சைப் பாருங்கள். சாதாரணப் பழுப்பு ரகத்தில் சேவலின் நெஞ்சு ஒரே செம்பழுப்பாக இருக்கும், புள்ளி இருக்காது. பெட்டையின் நெஞ்சு வெளிறி, கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். மூன்று வாரத்தில் இந்த வித்தியாசம் தெரியத் தொடங்கும், நாலில் சந்தேகமே இருக்காது. வெள்ளைக் காடையில் இது நடக்காது. அதற்கு ஆறு வாரம் ஆகட்டும். வாலடியை மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வருவது சேவல். நிறம் வைத்துச் சொல்ல முடியாத பறவையை ‘பெட்டை கியாரண்டி’ என்று யார் கூடுதல் விலைக்கு விற்றாலும் நம்ப வேண்டாம். இரண்டு சேவலையும் ஒன்றாக விட்டு வைக்காதீர்கள், தலையைக் கொத்திக் கிழித்துக்கொள்ளும். ரசீதில் ‘பெட்டை’ என்று எழுதியிருந்தால் மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாய்ப்பேச்சுதான் என்றால் கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது.

கேள்வி: வாசனை வராத ‘டியோடரைசர் பவுடர்’ 600 ரூபாய்க்குத் தருகிறார்கள். பிரயோஜனம் உண்டா?

பதில்: நாற்றம் வருவது, எச்சம் ஈரமாக இருப்பதால் கிளம்பும் அம்மோனியாவால். அதற்கு மருந்து, தட்டை எடுத்துக் கழுவுவதுதான். தட்டில் பழைய செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். மரத்தூள் போட்டால் இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் கொட்டாத நிப்பிள் (பறவை கொத்தினால் மட்டும் சொட்டும் சின்னக் குழாய்) பொருத்தினால் பாதி நாற்றம் போய்விடும். அந்த 600 ரூபாயில் கொஞ்சத்தை அதற்குச் செலவழியுங்கள். அவ்வளவு செய்தும் இறகுத் தூசி இருக்கத்தான் செய்யும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் படுக்கையறைப் பக்கமே கூண்டு வேண்டாம்.

கேள்வி: காடை முட்டை சாப்பிட்டால் வீசிங், இரத்தசோகை எல்லாம் போகும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: நல்ல உணவு, மருந்து அல்ல. ஆயிரம் கோழிக்கு அரைக் காடை என்று பழமொழி இருக்கிறது. பழமொழி ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டதல்ல. எடைக்கு எடை பார்த்தால் புரதம் கோழி முட்டையில் இருப்பதுபோலத்தான். இன்ஹேலரை நிறுத்திவிட்டு முட்டையை நம்பாதீர்கள்.

கேள்வி: சந்தையில் ஒருவர் ‘காட்டுக் காடை, ஒரிஜினல்’ என்று ஜோடி விற்கிறார். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நம் வயல்காட்டில் திரியும் காடை, கௌதாரி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். வளர்ப்பது ஜப்பானியக் காடையை. 2011-ல் அதற்கும் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது, பிறகு விலக்கிக்கொண்டது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே நந்தனம், நாமக்கல் என்று ரகங்கள் உருவாக்கியிருக்கிறது. அந்த வகைக் குஞ்சு கிடைத்தால் வாங்குங்கள்.

கேள்வி: 50 காடை, கூண்டு, மூன்று மாதத் தீவனம் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’. முட்டை முழுவதையும் அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். மொட்டைமாடி அறையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். நம்பலாமா?

பதில்: 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் இப்படிப் பணம் போட்டு ஏமாந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குஞ்சை விற்பவரே விளைந்ததையும் வாங்குவேன் என்றால், அவர் லாபம் முட்டையில் இல்லை, உங்கள் பேக்கேஜில் இருக்கிறது. கூண்டை வெளியே விசாரியுங்கள், குஞ்சைப் பண்ணையில் விசாரியுங்கள், தீவனத்தைக் கடையில் விசாரியுங்கள். மூன்றையும் கூட்டி பேக்கேஜ் விலையோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும். அப்புறம், இது வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த் தரப்பு வாதிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கே நிற்காமல் போகலாம். சொந்தப் பிழைப்புக்காகத்தான் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் முன்பணம் கட்டி எட்டுக் காடை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் மூன்று செத்திருந்தன. ‘உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள்.

பதில்: அப்படி எழுதி வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. பெட்டியின் படம், திறந்தபோது எடுத்த வீடியோ, பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழிக்காதீர்கள். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, மனுப் போட இரண்டு வருடம் கெடு. மிச்ச ஐந்தையும் சில வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே காடை இருந்தால் அதுவரை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.