ஆயில் சூடு 130ஐத் தாண்டினால்: எல்லைப் பக்கத்துப் பந்தய ட்ராக் ஓட்டுநர்களுக்குப் பதில்கள்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக-கேரள எல்லையின் இருபுறத்திலிருந்தும் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்குக்கு வண்டி கொண்டுவரும் நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. சங்கதி ஒன்றுதான்: நாலு சுற்று வேகமாகப் போனால் இன்ஜின் ஆயிலின் சூடு ஏறிக்கொண்டே போகிறது, என்ன செய்வது? பாலக்காட்டுக் கோடையில் வெயிலே 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கிறது; கேள்விகள் குவிந்ததில் வியப்பில்லை. பாதிப் பேர் ‘எந்த ஆயில் கூலர் (ஆயிலைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர்) வாங்கலாம்’ என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு நான் தாமதமாகத்தான் வருவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கஞ்சிக்கோட்டிலிருந்து: அண்ணா, என் காரில் டெம்பரேச்சர் முள் எவ்வளவு ஓட்டினாலும் நடுவிலேயே நிற்கிறது. அப்படியானால் ஆயிலும் நன்றாகத்தானே இருக்கும்?

இல்லை தம்பி. அந்த முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின், சூட்டை. அதையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரக் கூடாது என்பதற்காக.

கூலன்ட்டைக் கட்டுக்குள் வைக்கத் தெர்மோஸ்டாட்டும் (சூடு ஏறியதும் திறக்கும் வால்வு) ஃபேனும் இருக்கின்றன. ஆயிலுக்குப் பல வண்டிகளில் அப்படி எதுவும் இல்லை. பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங்குகள், டர்போ எல்லாவற்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டு அது பாட்டுக்கு ஏறும். காலையில் வண்டியை எடுத்தால் கூலன்ட் சில நிமிடங்களில் 90ஐத் தொட்டுவிடும், ஆயில் பின்தங்கித்தான் வரும். ட்ராக்கில் இது தலைகீழ்.

ஆகவே முதல் செலவு அளவிடுவதற்கு. காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ஆயில் டெம்பரேச்சர் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் அது சென்சார் அளந்த எண் அல்ல, கம்ப்யூட்டர் ஊகித்துச் சொல்லும் கணக்கு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து கவனியுங்கள். ஆயில் எண் கூலன்ட்டுக்குப் பின்னால் மெதுவாக ஏறினால் பெரும்பாலும் நிஜம். கூலன்ட்டோடு கைகோத்துக்கொண்டு ஏறினால் நம்பாதீர்கள், தனி சென்சார் போடுங்கள். ட்ரெய்ன் பிளக் இடத்திலோ ஆயில் ஃபில்டருக்கு அடியிலோ பொருத்தலாம். இரண்டு இடத்திலும் ஒரே நிமிடத்தில் வேறு வேறு எண்தான் வரும். நண்பர் காரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்படவோ பெருமைப்படவோ வேண்டாம்.

சித்தூரிலிருந்து: எத்தனை டிகிரி வரை போகலாம், எத்தனையில் நிறுத்த வேண்டும்?

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் அளப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். 80க்குக் கீழே இருக்கும்போது வண்டியை விரட்டாதீர்கள். 100 முதல் 120 வரை நல்ல இடம். ஆயிலில் சேரும் ஈரமும் கொஞ்சம் பெட்ரோலும் ஆவியாகிப் போக அந்தச் சூடு வேண்டும். முழு சிந்தெடிக் ஆயிலுக்கு 130 வரை ட்ராக்கில் சகஜம். 130ஐத் தாண்டியதும் காலைத் தளர்த்துங்கள். 140 என்றால் அந்த சுற்றோடு வெளியே வாருங்கள். அதற்கு மேலும் தாங்கும் ஆயில்கள் உண்டு என்று டப்பாவில் எழுதியிருக்கலாம். ஆயில் தாங்கும், உங்கள் பேரிங் தாங்குமா என்பதுதான் கேள்வி.

பொள்ளாச்சியிலிருந்து: கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. ஊர் மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றினால் சூடே ஏறாது என்கிறார். உண்மையா?

சூடு குறையாது. கெட்டி ஆயிலைப் பம்ப் தள்ளும்போது உராய்வு கூடுமே தவிரக் குறையாது. ஆனால் மெக்கானிக் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைப் பார்ப்போம்.

ஆயிலின் வேலை பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு படலமாக நின்று உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது. சூடேற ஏற அது நீர்த்துப்போகும். 5டபிள்யூ-30 என்பதில் கடைசி எண்தான் சூடான ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு. ஒரு 40 கிரேடு ஆயிலுக்கு 100 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை இருக்கிறது என்றால், 130இல் அது 8 பக்கம் இறங்கிவிடும். 100 டிகிரியில் 20 கிரேடு ஆயிலுக்கு இருக்கும் அளவு அது. 30 கிரேடில் தொடங்கியவர் இன்னும் கீழே போயிருப்பார். அதனால் ட்ராக்குக்கு ஒரு கிரேடு மேலே போவது, அதாவது 5டபிள்யூ-30 இடத்தில் 5டபிள்யூ-40 ஊற்றுவது, நியாயமான காப்பீடு. முதலில் உங்கள் கையேட்டைப் புரட்டுங்கள். வெப்ப நாடுகளுக்கு 40 கிரேடையும் அனுமதிக்கும் அட்டவணை பல கார்களில் இருக்கும்.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதைவிட ஆயிலின் விவரத்தாளில் எச்டிஎச்எஸ் என்ற எண்ணைத் தேடுங்கள். 150 டிகிரியில், அழுத்தித் தேய்க்கும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான அளவு அது. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9 என்றும் 5டபிள்யூ-40க்கு 3.5 என்றும் விதி. ட்ராக்குக்கு 3.5க்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. 20டபிள்யூ-50ஐ இன்றைய சிறிய டர்போ இன்ஜினில் ஊற்றினால் காலை ஸ்டார்ட்டில் அது மேலே ஏறிவர நேரம் எடுக்கும். மெக்கானிக்கின் பழைய வண்டிக்கு அது சரி, உங்களுடையதற்குச் சரியில்லை.

நவக்கரையிலிருந்து: மினரல் ஆயில் (சிந்தெடிக் அல்லாத சாதாரண ஆயில்) போதாதா?

ட்ராக்குக்குப் போதாது. சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. இதில் மினரல் ஆயில் முதலில் தோற்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: நான் ஏற்கெனவே 19 வரிசை ஆயில் கூலர் மாட்டிவிட்டேன். காசு போனதுதான் மிச்சம், இன்னும் 135க்குப் போகிறது. இன்னும் பெரியது வாங்கட்டுமா?

வேண்டாம் ஐயா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கூலர் பம்பர் கிரில்லுக்குப் பின்னால் தொங்குகிறது; சுற்றிலும் நாலு விரல் இடைவெளி. வரப்பில் உடைப்பு இருந்தால் வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நிற்குமா? காற்றும் அப்படித்தான். கிரில் வழியாக வந்த காற்று கூலரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைய மெனக்கெடாமல், சுற்றியிருக்கும் இடைவெளியில் நழுவிப் போய்விடுகிறது.

அலுமினியத் தகட்டிலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ ஒரு குழல் செய்து, கிரில்லிலிருந்து கூலரின் நாலு விளிம்பையும் தொடும்படி மூடுங்கள். விளிம்பில் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். குழலின் வாய் கூலர் முகத்தின் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், வாய் முழுதாகத் திறந்திருக்க வேண்டியதில்லை. பலர் விட்டுவிடுவது வெளியேறும் வழியை. கூலரைத் தாண்டிய காற்று எங்கே போகும்? பின்னால் சுவர் போல ஏதாவது இருந்தால் முன்னாலும் காற்று நுழையாது. சக்கர வளைவுக்குள்ளோ வண்டிக்கு அடியிலோ அது கழிய வழி வேண்டும்.

சோதிக்க ஒரு எளிய முறை: கூலரின் முகத்திலும் பின்பக்கத்திலும் விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, சிறிய கேமரா ஒன்றை உள்ளே கட்டி, ஆளில்லாத சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். முன்பக்க நூல் தகட்டோடு ஒட்டிப் படிந்து, பின்பக்க நூல் வெளிநோக்கி நீண்டு நின்றால் காற்று உள்ளே போகிறது. பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தால் குழலில் கோளாறு.

இன்னொன்று: சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அறுவடை முடிந்த நாட்களில் சாலையெல்லாம் வைக்கோல் தூசி. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அது மெத்தை மாதிரி படிந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மேல் பிராக்கெட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளிருந்து வெளியாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடங்கிவிடும். கூலன்ட் பத்து டிகிரி இறங்கினால் ஆயிலும் தானே கொஞ்சம் இறங்கும்.

ஆனைமலையிலிருந்து: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால்?

கழற்றாதீர்கள். ஆயில் கூலரை இன்ஜினோடு இணைக்கும் பிளேட்டையும் தெர்மோஸ்டாட் உள்ளதாகவே வாங்குங்கள். 80 டிகிரி வாக்கில் திறப்பது போதும். இல்லையென்றால் மழைக்காலத்தில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகும்போது ஆயில் சூடே ஏறாமல் ஈரத்தைச் சேர்த்துவைக்கும்.

வேலந்தாவளத்திலிருந்து: அண்ணா, நான் கல்லூரி மாணவன். அப்பாவின் கார். எதுவும் மாட்டக் காசில்லை. ஓட்டும் முறையில் ஏதாவது செய்யலாமா?

நிறையச் செய்யலாம், மற்றவர்களும் இதையே முதலில் செய்திருக்கலாம். ஆயில் சூட்டுக்கு வேகத்தைவிட ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்) தான் பெரிய காரணம். சிவப்புக் கோடு வரை இழுக்காமல் 500 ஆர்பிஎம் முன்பே கியர் மாற்றுங்கள். சுற்று நேரத்தில் இழப்பது சொற்பம், ஆயிலில் வித்தியாசம் உடனே தெரியும். கரி சுமார் 2.1 கிலோமீட்டர் ட்ராக். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் நீண்ட நேர்ப்பாதையில் காற்று வாங்கிக்கொள்ளலாம். கரியில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். இன்ஜின் இரைகிறது, காற்று குறைவு.

நாலைந்து சுற்று ஓட்டினால் ஒரு சுற்றை மேல் கியரில், 3000க்குக் கீழே, பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். ஏசியை அணையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனைக் கூட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் கூலன்ட்டின் சூடு கொஞ்சம் உங்கள் காலடிக்கு வந்துவிடும். காலை முதல் செஷனுக்கே பெயர் கொடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுவதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோபாலபுரத்திலிருந்து: நீண்ட வலது வளைவில் ஆயில் விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைகிறது. சென்சார் கோளாறு என்று நண்பர் சொல்கிறார்.

அந்த நண்பர் உங்களுக்கு இன்ஜின் வாங்கித் தருவாரா? வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்பின் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. ஆயில் சூடாகி நீர்த்திருக்கும்போது இது இன்னும் மோசம். அன்றைக்கு மேலும் ஓட்டாதீர்கள். டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அதுவும் கேடுதான். மீண்டும் மினுங்கினால் தடுப்புத் தகடு வைத்த சம்ப்தான் தீர்வு. ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றும் போடுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது பழைய கணக்கு. புதிய இன்ஜின்களின் பம்ப் வேண்டுமென்றே குறைத்துத் தரும். உங்கள் வண்டி 100 டிகிரியில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். 130இல் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

மதுக்கரையிலிருந்து: பைக்குக்கும் இதே கார் ஆயிலை ஊற்றலாமா?

கூடாது. பெரும்பாலான பைக்குகளில் க்ளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது. அப்படிப்பட்ட க்ளட்ச்சுக்கான ஜாசோ எம்ஏ2 என்ற தரக் குறியீடு போட்டிருப்பதை வாங்குங்கள். கியர் பற்கள் ஆயிலை நறுக்கிவிடுவதால் காரைவிட அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

வாளையாரிலிருந்து: ஆயில் கூலர் மாட்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பம்பரை வெட்டாமல், கழற்றி வைக்கும்படி போல்ட்டில் மாட்டுங்கள். சந்தேகமிருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதையும் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் உடனே அணைக்கலாமா? ஆயிலை எப்போது மாற்றுவது?

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வந்திருந்தால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கலாம். விரட்டி வந்து அப்படியே அணைத்தால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகிப் படியும். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்துங்கள்.

பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாசனையும் அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது, அப்போதே மாற்றுங்கள். ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டு சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், நடுவில் கறுப்புப் புள்ளியும் சுற்றி எண்ணெய் வளையமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது ஆயில் அழுக்கைச் சுமக்க முடியாமல் போனதற்கு அடையாளம். 140ஐத் தொட்ட ஆயிலை நான் அடுத்த ட்ராக் நாளுக்கு வைத்துக்கொள்வதில்லை. மற்றபடி இரண்டு மூன்று ட்ராக் நாளுக்கு ஒரு தடவை ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளைக் காந்தத்தாலும் துணியாலும் தடவிப் பாருங்கள். பேரிங் தூள் காந்தத்தில் ஒட்டாது, மினுக்கலாகத் துணியில் தெரியும். தெரிந்தால் அடுத்த பதிவை ரத்து செய்துவிட்டு சம்ப்பைக் கழற்றுங்கள்.